நூலளவு நீளமான கார்டு

சபையில் அவளுக்குக் கார்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் புழங்குவார் யாருமில்லை. வருஷத்தின் முதல் ஆராதனையில் ஆளுக்கொரு சின்ன அட்டையைக் கூடையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது அந்தச் சபையின் வழக்கம். ஒவ்வொரு அட்டையிலும் வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வரி அச்சாகியிருக்கும். எடுத்தவருக்கு அந்த வருஷம் முழுக்க அதுதான் கடவுளின் வாக்கு. பரீட்சை எழுதுகிறவர்கள், வீடு கட்டுகிறவர்கள், மாப்பிள்ளை தேடுகிறவர்கள் எல்லாரும் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிவார்கள். அந்தக் கார்டுகளுக்கு வரி பொறுக்குவதும் வெட்டுவதும் அவள் வேலை.

சம்பளத்துக்குச் செய்யும் வேலையும் வெட்டுவதுதான். ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் நின்றாள். தாள்களைத் தட்டி அடுக்கி உள்ளே தள்ளி, இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, துக்க அறிவிப்பு எல்லாம் அவள் கையில்தான் நேராகும். "நீ வெட்டினா ஸ்கேலுக்கே சந்தேகம் வரும்" என்பார் முதலாளி. சம்பளம் ஏற்ற வேண்டிய மாதங்களில் அந்தப் பாராட்டு இன்னும் கொஞ்சம் பலமாக வரும்.

வரி பொறுக்குவதில் பாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "படிச்சா மனசு குளிரணும்மா. பயமுறுத்துற மாதிரி ஒண்ணும் வேண்டாம்."

அந்தக் காலத்து எபிரேயர்கள் கோயிலில் பாடிய பாட்டுகள் அவை. அவர்களோ மனசு குளிரப் பாடியே பழக்கமில்லாதவர்கள் மாதிரி, முக்கால் பாட்டுக்கு அழுது, கத்தி, எதிரியைச் சபித்து, கடவுளையும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நல்ல வரிக்கே வருவார்கள். அவள் அந்த நல்ல வரியை மட்டும் கொத்திக்கொண்டு வந்துவிடுவாள். கார்டும் சின்னது, அதில் இரண்டு வரிக்கு மேல் நிற்காது. மற்றதெல்லாம் மெஷினுக்குக் கீழே விழும் கழிவுத்தாள் மாதிரிதான் அவளுக்கு. அப்படித்தான் பல வருஷம் ஓடியது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அவள் கணவன் பெயின்டர். அஞ்சாவது மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே சுவருக்கு வெள்ளை அடிப்பான். ஊசி என்றால் மட்டும் வேர்த்துக் கொட்டும். வயிற்றில் வலி வந்தபோது அதை ஆறப்போட்டான். சாப்பாடு இறங்காமல் போனபோது சாப்பாட்டைக் குறை சொன்னான். அவள் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குடலில் கட்டி. "இப்பவே வெட்டி எடுத்துட்டா ஆள் பிழைச்சுக்குவார்" என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

பிழைக்க வழி இருக்கிறது என்று அவளுக்கு உயிர் வந்தது. அவனுக்கோ 'வெட்டி' என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அவன் அப்பா ஆபரேஷன் மேஜையிலேயே போனவர். மாமியார் அதை மறக்கவும் இல்லை, வீட்டில் யாரையும் மறக்க விடவும் இல்லை. "அவங்க கையில கத்தியக் குடுத்துட்டு நாம வெளிய உக்காந்து அழணுமா?" என்பாள். மகன் தலையை ஆட்டுவான். பார்க்கலாம், இந்த வேலை முடியட்டும், வருஷம் பிறக்கட்டும் என்று பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தான்.

அவன் டாக்டர் பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்கிற ஆளும் இல்லை. கூடையிலிருந்து வரும் கார்டைக் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். அவன் மட்டுமில்லை, அந்தச் சபையே அப்படித்தான். ஒருத்தர் கார்டை நம்பி வேலையை விட்டார். இன்னொருத்தர் கார்டை நம்பிக் கடை திறந்தார். அவற்றில் எது எப்படி முடிந்தது என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த வருஷக் கார்டுகளில் ஒன்றில், நீண்ட ஆயுளைத் தந்து திருப்தியாக்குவேன் என்று கடவுள் சொல்கிற வரியைப் போட்டாள். எல்லாக் கார்டும் வெட்டி முடிந்தபின், அந்த ஒன்றை மட்டும் தனியாக வைத்து, மற்றவற்றைவிட நூலளவு நீளமாக வெட்டினாள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். சுவரைத் தடவிப் பார்த்தே உப்புப் பூத்திருக்கிறதா என்று சொல்லும் விரல்கள் அவனுடையவை. ஆயுள் நிச்சயம் என்று கடவுளே சொன்னால் கத்திக்குப் பயப்படாமல் போய்ப் படுப்பான் என்பதுதான் அவள் போட்ட கணக்கு. கணக்கில் ஒரு பிழையும் அவளுக்குத் தெரியவில்லை.

கூடையைச் சுற்றிக் கொண்டுபோகிறவளும் அவள்தான். அவன் வரிசை வரும்வரை அந்தக் கார்டைக் கட்டைவிரலால் அமுக்கி வைத்திருந்தாள். அவன் முன்னால் வந்ததும் விரலை எடுத்துவிட்டுக் கூடையைக் கொஞ்சம் சாய்த்தாள். அவன் கண்ணை மூடினான், விரலால் துழாவினான், துருத்திக்கொண்டிருந்ததை எடுத்தான். படித்தான். முகம் மலர்ந்தது. அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கூடையை நீட்டினாள். மனசுக்குள் ஸ்தோத்திரம் என்றுகூடச் சொல்லிக்கொண்டாள், பாவி மகள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மாவிடம் கார்டை நீட்டினான். "பாத்தியாம்மா? ஆண்டவரே சொல்லிட்டார். இனிமே கத்தி எதுக்கு, டாக்டர் எதுக்கு?"

"அதத்தான்டா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் மாமியார்.

அவள் இடையில் புகுந்தாள். "என்னங்க, ஆயுள் இருக்குன்னா தைரியமா ஆபரேஷன் பண்ணிக்கலாம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"உனக்கு நம்பிக்கை கம்மி" என்று சிரித்தான் அவன். எத்தனையோ பேருக்கு வரி பொறுக்கிக் கொடுத்தவளுக்கு நம்பிக்கை கம்மி.

கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தாள். பாஸ்டரிடம் போய் நின்றாள். அவர் வந்து, "டாக்டரும் ஆண்டவர் குடுத்த வழிதான், தம்பி" என்று தன்மையாகத்தான் சொன்னார். "நீங்கதானே பாஸ்டர், கார்டுல வர்றது ஆண்டவரோட வாக்குன்னு சொல்வீங்க?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அவர் டீயைக் குடித்துவிட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அவன் நம்பிக்கை உடைந்தாலும் பரவாயில்லை, உயிர் இருந்தால் போதும். அவன் வேலை முடிந்து வந்து கையிலிருந்த பெயின்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவனுடைய கார்டையும் தன்னுடைய கார்டையும் சேர்த்து மேஜையில் தட்டி அடுக்கி அவன் முன்னால் நீட்டினாள்.

"ஓரத்தத் தடவிப் பாருங்க."

தடவினான். "இது கொஞ்சம் நீட்டிக்கிட்டிருக்கு."

"நான்தான் அப்படி வெட்டினேன். நீங்க அதையே எடுக்கணும்னு. நான்தான் வெச்சேன். ஆண்டவர் ஒண்ணும் சொல்லல. உங்களுக்குத் தைரியம் வரணும்னு நான் பண்ணின திருட்டு வேலை இது."

அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "அடியே, நீ வெட்டின, சரி. உன்ன வெட்ட வெச்சது யாரு?"

அதற்குப் பதில் எந்த மனுஷரிடமும் இருக்காது. அந்தக் கேள்வியின் வசதியே அதுதான்.

அதற்கப்புறம் எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. கயிற்றில் தொங்கிய ஆள் பெயின்ட் டப்பாவைத் தூக்க முடியாமல் வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "இனி வெட்டிப் பிரயோஜனம் இல்லம்மா" என்றார். ஏன் முன்னாலேயே வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாரிடமாவது சொல்லியிருப்பாள்.

ஒரு நாள் காலையில் அவன் கார்டைக் கேட்டான். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எலும்பாகிப்போன விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "அப்ப வேற யாருக்கோ வர வேண்டியத நான் எடுத்துட்டேனோ?" என்றான். அவள் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே அவன் போய்விட்டான்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், நீண்ட ஆயுள் என்பது பரலோகத்து ஆயுள், மனுஷக் கணக்கு வேறு, கடவுள் கணக்கு வேறு என்று பேசினார். சப்பைக்கட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே தோன்றியது. மனுஷர் அவள் பக்கம் திரும்பாமலே பேசி முடித்தார்.

மாமியார் மகனின் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். படத்துக்குக் கீழேயே அந்தக் கார்டையும் சட்டத்துக்குள் வைக்கச் சொன்னாள். அளவு ஒத்துவராமல் கடைக்காரன் ஒரு ஓரத்தை மடித்துத் திணித்திருந்தான். செத்துப்போனவன் சிரித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்குக் கீழே நீண்ட ஆயுள் என்று எழுதியிருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, கார்டைப் பார்த்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலைப் பார்த்தார்கள்.

அவர்களிடம் மாமியார் இவள் காதுபடவே சொல்வாள்: "வாக்கு வந்துச்சு. ஆனா வீட்டுல ஒருத்தி நம்பல. ஆபரேஷன் ஆபரேஷன்னு நச்சரிச்சா. அப்புறம் எப்படிப் பலிக்கும்?"

அந்த வாக்கை நானே வெட்டி நானே வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பழி போய்விடும், அதைவிடப் பெரிய பழி வந்து உட்காரும். தவிர, புருஷனையும் மகனையும் பறிகொடுத்த கிழவிக்கு மிச்சமிருப்பது அந்த அட்டைதான். அதையும் பிடுங்க மனசு வரவில்லை. மென்று முழுங்கிக்கொண்டாள்.

மாமியாருக்குக் கண்ணில் புரை, எழுத்துத் தெரியாது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிக்க வேண்டும். முன்பெல்லாம் எதையாவது வாசிப்பாள். இப்போது, "அவன் பாட்ட வாசி" என்று உத்தரவு. கார்டில் இருந்த வரி எந்தப் பாட்டின் கடைசியில் வருகிறதோ அந்தப் பாட்டு. தினமும் அதேதான். கடைசி வரி வரும்போது மாமியார் முகத்தை இவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பாள். இவள் குரல் நடுங்காமல் வாசித்து முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஜெபம் மட்டும் வரவில்லை. சபைக்குப் போனாள், பாட்டுக்கு வாயசைத்தாள், கண்ணை மூடினால் உள்ளே கதவைச் சாத்தினாற்போல் இருந்தது. கடவுளிடம் கோபமாக இருக்கிறோமா, பயமாக இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவர் பெயரைப் போட்டுக் கள்ளக் கையெழுத்து வைத்தவள் எந்த முகத்தோடு அவரிடம் போய் நிற்பது?

வருஷக் கடைசி நெருங்கியதும் பாஸ்டர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். "உன் மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா நீ செஞ்சாத்தான் கார்டு நல்லா இருக்கும். வேலையில இறங்கினா உனக்கும் ஆறுதலா இருக்கும்" என்றார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். சரி என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேதத்தைத் திறந்தாள். பழக்கத்தில் கண் நல்ல வரியைத் தேடி ஓடியது. அவனுடைய வரி கண்ணில் பட்டதும் கை பக்கத்தைத் தள்ளிவிட்டது. இனி வரி பொறுக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. சும்மா மூடி வைக்கவும் மனமில்லாமல், ஒரு பாட்டை முதலிலிருந்து வாசித்தாள். அப்புறம் அடுத்தது. இத்தனை வருஷம் அவள் கழிவுத்தாளாகத் தள்ளிய வரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன.

எத்தனை நாளைக்கு என்று ஒருத்தன் கேட்கிறான். ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டீர் என்று ஒருத்தன் கேட்கிறான். ஒருத்தன் ராத்திரியெல்லாம் அழுது படுக்கையை நனைத்திருக்கிறான். தூங்குகிறீரா, எழுந்திரும் என்று கடவுளையே ஒருத்தன் உலுக்குகிறான். ஒரு பாட்டில் மனுஷன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை புலம்புகிறான். நன்றி என்றோ நம்பிக்கை என்றோ முடிவில் ஒரு சொல் கிடையாது, இருட்டோடு முடிகிறது. அதைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தாள், அடுத்த பக்கத்தில் மிச்சம் இருக்கிறதா என்று. மிச்சம் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. அதையும் கோயிலில் நின்று, கடவுளுக்கு முன்னால், கூட்டமாகப் பாடியிருக்கிறார்கள். யாரும் அதை வெட்டவில்லை. அவளைத் தவிர.

அவளுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சிலுவையில் தொங்கியவர் கடைசி நேரத்தில் இந்தப் பாட்டுகளில் ஒன்றைத்தான் கத்தினார். என்னை ஏன் கைவிட்டீர் என்று கேட்கிற பாட்டை. அந்தக் கத்தலில் மனசு குளிரும் வரி எதுவும் இல்லை. கூடையில் கை விட்டால் கடவுளின் மகனுக்கே அந்தக் கார்டுதான் வந்திருக்கிறது.

மதியம் மெஷினை ஓட்டினாள். தடதடவென்ற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கே காது கேட்காது. முதல்முறையாக வாயைத் திறந்து திட்டினாள். "எங்க போயிருந்தீர்? நான் திருட்டுத்தனம் பண்ணினேன், சரி. தடுத்திருக்கலாம்ல? பிளேடுக்குக் குடுத்த புத்திகூட எனக்குக் குடுக்கலையே? ரெண்டு கையையும் வெளிய வெச்சாத்தானே அது இறங்கும்? என் கை உள்ள இருந்துச்சே, நீர் ஏன் நிறுத்தல?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டும்போதும் வாயில் 'நீர்' என்றுதான் வந்தது. ஆண்டவரை அப்படியே அழைத்துப் பழகிய வாய். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் எதிரே ஆள் இல்லாமல் யாரும் அவ்வளவு நேரம் சண்டை போட மாட்டார்கள். அவளுக்கு ஜெபம் திரும்பி வந்துவிட்டது. இப்படி ஒரு ஜெபத்தை அவள் கேட்டிருக்கவில்லை, கிடைத்ததை வைத்துக்கொண்டாள். இனி என்ன நடக்கும் என்று அந்தப் பாட்டுகள் சொல்வதில்லை. நடந்துவிட்ட பிறகு எப்படிப் பேசுவது என்று சொல்கின்றன. ஒரு வருஷம் முன்னால் இது தெரிந்திருந்தால் என்று நினைத்தபோது மறுபடி கோபம் வந்தது.

கார்டுகளுக்கு அந்தப் புலம்பல் வரிகளையே எழுதிக்கொண்டுபோய்ப் பாஸ்டரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"வருஷத்தோட முதல் நாள் இத எடுக்கிறவங்க வீட்டுக்குப் போய் என்னம்மா செய்வாங்க?"

"அழுவாங்க, பாஸ்டர். எப்படியும் ஒரு நாள் அழத்தானே போறாங்க. தனியா அழ வேண்டாமேன்னுதான்."

"வேதத்துல இருக்கிறதுதான், இல்லங்கல" என்றார் அவர், வருத்தமாகவே. "கூடையில போட முடியாதும்மா."

அந்த வருஷக் கார்டுகளை வேறு அச்சகத்தில் கொடுத்துவிட்டார்கள். கார்டக்கா என்ற பெயர் மட்டும் அவளோடு நின்றது.

பாஸ்டர் முடியாது என்று சொன்ன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். மாமியார் தயாராக உட்கார்ந்திருந்தாள். "அவன் பாட்ட வாசி."

"இன்னைக்கு வேற ஒண்ணு வாசிக்கிறேன் அத்தே."

பதிலுக்குக் காத்திருக்காமல் அந்த இருட்டில் முடிகிற பாட்டை எடுத்து முதலிலிருந்து வாசித்தாள். மாமியார் கையை மடியில் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு அத்தே."

"கடைசியில நல்லதா ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

"இது வேதத்துலயா இருக்கு?"

"வேதத்துலதான் இருக்கு."

மாமியார் படம் இருந்த திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தக் கார்ட நீதானே வெச்ச?" என்றாள்.

இவள் கையிலிருந்த வேதத்தை மூடினாள்.

"அவன் எங்கிட்ட சொன்னான். நீ சொன்ன அன்னைக்கே. சொல்லிட்டுச் சிரிச்சான். அப்பவும் நான்தான், ஆபரேஷன் வேண்டாம்டா, வாக்க விடாதேன்னு சொன்னேன். எனக்குப் பயம். அவன் போறேன்னு சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

"தெரிஞ்சுமா அத்தே அத மாட்டி வெச்சீங்க?"

"தப்பு உன்னோடதா மட்டும் இருக்கட்டும்னுதான்."

மாமியார் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இவளுக்கு எழுந்துபோய் அந்தச் சட்டத்தைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும் என்றிருந்தது. மாதக்கணக்கில் தினமும் தன் குரலாலேயே தனக்குத் தண்டனை வாசிக்க வைத்த கிழவியை என்ன செய்தாலும் தகும் என்று இருந்தது. எழுந்தாள். படத்துக்கு முன்னால் போய் நின்றாள். மடித்துத் திணித்த ஓரம் கண்ணாடிக்குப் பின்னால் வெளுத்துத் தெரிந்தது.

"கழட்டிடட்டுமா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் மாமியார். "இனிமே ரெண்டு பேரும் பாக்கலாம். நீ வந்து உக்காரு. அந்தப் பாட்ட இன்னொரு தரம் வாசி, மெதுவா. நானும் கூடச் சொல்றேன்."

அவள் உட்கார்ந்து முதல் வரியை வாசித்தாள். மாமியார் அதைத் திருப்பிச் சொன்னாள்.